ஜி நிறுத்தத்துக்குப் போகும் கோடு

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தேன். கூடவே பகுதிநேரமாக முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வையும் செய்துகொண்டிருந்தேன். ஆய்வு எதைப் பற்றியது என்று சொன்னதும் பெரும்பாலோர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

விஷயம் அப்படியொன்றும் சிக்கலானதல்ல. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட ஒரு படம். கணிதத்தில் அதைக் கோட்டுரு என்போம். அந்தப் படத்தை மாற்றுவதற்குச் சில விதிகள். படத்தில் இப்படி ஒரு துண்டு இருந்தால் அதை எடுத்துவிட்டு அப்படி ஒரு துண்டை வை என்பது ஒரு விதி. விதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் படம் என்ன ஆகும், எதை முதலில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுமா என்பவைதாம் கேள்விகள். இந்தத் துறையில் எழுதியவர்கள் கனமான கருவிகளைக் கையாண்டார்கள். எனக்கு அவை ஏறவில்லை. அணி இயற்கணிதம் மட்டும் கைக்கு வந்தது. சுழியும் ஒன்றும் நிரப்பிய அட்டவணைகளை வைத்துக்கொண்டு, படம் வரையாமலேயே விடை சொல்லிவிட முடியும் என்று நம்பினேன்.

செம்பவாங் கப்பல் பட்டறையில் மின்வேலை பார்த்து ஓய்வுபெற்றிருந்த அப்பாவிடம் ஒருமுறை விளக்கினேன். "வயரிங் மாதிரியா?" என்றார். "கிட்டத்தட்ட" என்றேன்.

உதாரணத்துக்குப் பேருந்துத் தடங்களை எடுத்துக்கொண்டேன். எங்கள் தீவின் வடக்கே அடுக்குமாடி வீடுகள் எழும்ப எழும்பத் தடங்களும் மாறிக்கொண்டிருந்த காலம் அது. நிறுத்தங்கள் புள்ளிகள். ஒரு நிறுத்தத்திலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் பேருந்து போனால் அது ஒரு கோடு. ஏ முதல் எல் வரை பன்னிரண்டு நிறுத்தங்கள் வைத்தேன். ஏயிலிருந்து பிக்குப் பேருந்து உண்டென்றால் ஏயின் குறுக்கு வரிசையில், பியின் நெடுக்குப் பத்தியில் ஒன்று, இல்லையென்றால் சுழி. ஒவ்வொரு விதிக்கும் இரண்டு அட்டவணைகள். ஒன்று, அழிக்க வேண்டிய கோடுகளைச் சொல்லும். மற்றது, சேர்க்க வேண்டியவற்றை. இரண்டு விதிகளின் அட்டவணைகளைக் கட்டத்துக்குக் கட்டம் பெருக்கிப் பார்ப்பேன். எல்லாம் சுழியாக வந்தால் ஒன்றின் வேலையில் மற்றது கைவைக்கவில்லை என்று பொருள். அப்படியானால் எதை முதலில் போட்டாலும் படம் சரியாகவே வரும். இதுதான் என் முக்கியத் தேற்றம். நிரூபணம் ஒன்றரைப் பக்கம். என் ஆய்வு மேற்பார்வையாளர் இரண்டு முறை படித்து ஒப்புக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு, சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்த தட்டச்சுக் கடைக்குப் போனேன். கீழே மிளகாய் அரைத்தால் மேலே எல்லோரும் தும்முவார்கள். அங்கே வேலை பார்த்தவர் ஒரே ஒரு பெண்மணி. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மார்சிலிங்கிலிருந்து தினமும் பேருந்தில் வருவார். அவர் போகும் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கான பாட்டுத்தாளும் அவர் தட்டச்சு செய்ததுதான். சன்னலோரம் அவற்றில் ஒரு கட்டு எப்போதும் இருக்கும். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை சார் என்றார்.

"இது என்ன சார், டெலிபோன் நம்பரா?" என்று பக்கங்களைப் புரட்டினார்.

"மேட்ரிக்ஸ் அக்கா."

"எல்லாம் ஒன்னுக்குக் கீழ ஒன்னு நேரா நிக்கணுமா?"

"ஆமா. ஒரு எழுத்து தள்ளிப்போனாலும் தப்பாயிடும்."

"அப்ப ஸ்லோவாத்தான் வரும். அவசரப்படுத்தாதீங்க லா."

அவர் வேலை செய்வதைப் பல சனிக்கிழமைகள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வோர் அட்டவணையும் முடிந்ததும் தாளை உருளையிலிருந்து எடுத்து, அதன்மேல் அளவுகோலை வைத்து, முதலில் குறுக்காகவும் பிறகு நெடுக்காகவும் ஒப்பிட்டுப் பார்ப்பார். நான் என் அட்டவணைகளைக் குறுக்காக மட்டுமே படித்து வந்தவன். எழுதியவனுக்கு அது போதும் என்று நினைத்திருந்தேன்.

நான்காம் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மதியம், அளவுகோலை நெடுக்காக வைத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"சார், ஜி ஸ்டாப்ப நீங்க எடுத்துட்டீங்கதானே?"

"ஆமா, ரெண்டாவது ரூல்ல."

"பக்கத்துல இருக்கற லிஸ்ட்லயும் ஜி இல்ல. ஆனா டேபிள்ல ஜிக்கு நேரா கீழ வந்தா ஒரு ஒன்னு நிக்குது. சியிலேர்ந்து ஒரு பஸ் ஜிக்குப் போகுது."

"அது அஞ்சாவது ரூல்ல சேத்தது."

"ஸ்டாப்பே இல்லையே சார். அந்த பஸ்ல ஏறுனவங்க எங்க எறங்குவாங்க?"

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதைவிட, பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டேன் என்பதே சரி.

"அக்கா, இதெல்லாம் தியரி. நான் எழுதுனத அப்படியே அடிங்க, போதும்."

"சரி சார்" என்றார். புதுத்தாளைச் செருகினார்.

வீட்டுக்குச் செம்பவாங் திரும்பும் பேருந்தில் அந்தப் பக்கத்தை மறுபடியும் எடுத்தேன். இரண்டாம் விதி ஜி நிறுத்தத்தை நீக்குகிறது. அப்போது ஜியைத் தொடும் இரண்டு கோடுகளையும் அழிக்கிறது. ஐந்தாம் விதி சியிலிருந்து ஜிக்குப் புதிதாக ஒரு கோட்டைச் சேர்க்கிறது. இரண்டுக்கும் பொதுவான கட்டம் ஒன்றுகூட இல்லை. ஆகவே பெருக்கினால் எல்லாம் சுழி. எதை முதலில் போட்டாலும் சரி என்கிறது தேற்றம். ஆனால் இரண்டாம் விதியை முதலில் போட்டால் ஐந்தாம் விதியின் கோடு இல்லாத நிறுத்தத்துக்குப் போகிறது. ஐந்தாம் விதியை முதலில் போட்டால், நிறுத்தம் போன பிறகு கோடு மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. எப்படிப் போட்டாலும் தவறு. என் அட்டவணைகள் கோடுகளை மட்டுமே ஒப்பிட்டன. நிறுத்தம் உயிரோடு இருக்கிறதா என்று அவை கேட்கவே இல்லை.

உதாரணத்தை மாற்றினால் தப்பித்துவிடலாம் என்பதுதான் முதலில் தோன்றியது. ஜிக்குப் பதில் எச் என்று போட்டால் யாருக்கும் தெரியாது. அந்த யோசனை தோ பாயோ தாண்டும் வரை இருந்தது. பிறகு அது நடக்காது என்று தெரிந்தது. தவறு உதாரணத்தில் இல்லை, தேற்றத்தில் இருந்தது.

திங்கட்கிழமை மேற்பார்வையாளரைப் பார்த்தேன். "வார இறுதியில் சரிபார்த்தபோது ஒரு பிழையைக் கண்டேன்" என்றேன். அவர் கரும்பலகையில் நான்கு புள்ளிகள் வரைந்து, கோடுகளை அழித்தும் சேர்த்தும் பார்த்தார். கடைசியில், தட்டச்சுக்குப் போவதற்கு முன்பே கவனித்தது நல்லதாகப் போயிற்று என்றார். நான் அதையும் திருத்தவில்லை.

மூன்று மாத அவகாசம் கிடைத்தது. விடை எளிமையானதாகத்தான் இருந்தது. நீக்கப்பட்ட நிறுத்தங்களுக்கு ஒன்றும், இருப்பவற்றுக்குச் சுழியும் போட்டு ஒரே ஒரு நெடுக்குப் பத்தி எழுதினேன். படத்தின் அட்டவணையை அந்தப் பத்தியால் பெருக்கினால் எல்லாம் சுழியாக வர வேண்டும். எங்காவது ஒன்று வந்தால், அந்த நிறுத்தத்திலிருந்து ஒரு பேருந்து இல்லாத இடத்துக்குப் போகிறது என்று அர்த்தம். அட்டவணையின் வரிசைகளைப் பத்திகளாகத் திருப்பிப்போட்டு மறுபடி பெருக்கினால், இல்லாத இடத்திலிருந்து கிளம்பும் கோடுகளும் மாட்டிக்கொள்ளும். விதிகளை எந்த முறையில் போட்டாலும் இந்தச் சோதனையில் தேற வேண்டும் என்பதைத் தேற்றத்துக்கு நிபந்தனையாக வைத்தேன். நிரூபணம் நான்கு பக்கமாக வளர்ந்தது. ஆய்வேட்டில் உருப்படியான பகுதி என்றால் அதுதான்.

திருத்திய அத்தியாயத்தை அதே கடைக்குத்தான் கொண்டுபோனேன். அதில் ஒரு வாக்கியம் இருந்தது. உதாரணத்தைத் தயாரிக்கும்போது ஆசிரியர் இந்தக் குறையைக் கவனித்தார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். கையெழுத்துப் பிரதியில் அது சாதாரணமாகத்தான் இருந்தது. அவர் தட்டச்சு செய்யும்போது நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தில் எந்திரம் நின்றது. ஒரு வாக்கியத்தைப் படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு மறுபடி ஓடியது. நன்றியுரையில் மேற்பார்வையாளர், பள்ளி முதல்வர், பெற்றோர் என்று மூன்று வரிகள். அதையும் அடித்து முடித்து, கார்பன் தாள்களை உருவி, பக்கங்களைத் தட்டிச் சேர்த்துக் கொடுத்தார்.

"ஸ்பெல்லிங் மட்டும் ஒருவாட்டி பாத்துக்குங்க சார்" என்றார்.

வாய்மொழித் தேர்வு ஒரு குளிரூட்டிய சிறிய அறையில் நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுபவர். பெரும்பாலான அத்தியாயங்களை வேகமாகத் தாண்டிவிட்டு, நான்காவதில் நின்றார். இந்த நிபந்தனைதான் தனக்குப் பிடித்தது என்றார். இது எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

எழுதியிருந்ததையே சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். என்னவோ, வாய் வேறு மாதிரி சொல்லிவிட்டது. "நான் கவனிக்கவில்லை. தட்டச்சு செய்தவர் கவனித்தார். அந்தப் பேருந்தில் ஏறியவர்கள் எங்கே இறங்குவார்கள் என்று கேட்டார்" என்றேன்.

மேற்பார்வையாளர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். தேர்வாளர் சிரிக்கவில்லை. "அப்படியானால் அதை அப்படியே எழுதியிருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டார். சிறு திருத்தங்களோடு ஏற்கலாம் என்பது முடிவு. திருத்தங்களின் பட்டியலில் மூன்றாவது அது.

அந்த வாரமே கடைக்குப் போனேன். புதிதாக எழுதிய வாக்கியத்தை அவரிடம் நீட்டினேன். அவர் நின்றபடியே படித்தார்.

"இத இப்ப எதுக்கு மாத்தறீங்க?"

"எக்ஸாமினர் சொல்லிட்டாருக்கா." கொஞ்சம் பொறுத்து, "அவர் கேக்கலன்னா மாத்திருக்க மாட்டேன்" என்றேன்.

"அது தெரியும்" என்றார். பிறகு உட்கார்ந்தார். "எனக்குக் கோவம் வந்துச்சு சார். மறைக்க மாட்டேன். பேரு வரலங்கறதுக்காக இல்ல. அன்னைக்கு, அடிங்க போதும்னு சொன்னீங்கல்ல. அதுதான். மார்சிலிங்ல எங்க ஸ்டாப்ப மாத்துனப்போ நான் தெரியாம பழைய எடத்துல அரை மணி நேரம் நின்னேன். அதனாலதான் எனக்கு அது கண்ணுல பட்டுச்சு. சும்மா கேட்டேனா?"

"மன்னிச்சுக்குங்கக்கா. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அவர் தலையசைத்தார். ஏற்றுக்கொண்டதாகவும் இருக்கலாம், இத்துடன் போதும் என்பதாகவும் இருக்கலாம். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஆனா இத நான் அடிக்கல. என்னப் பத்தி நானே அடிச்சா நல்லாவா இருக்கும்? நீங்களே உக்காந்து அடிங்க."

ஒற்றை விரலால் அடித்தேன். இரண்டு தாள்கள் வீணாயின. மூன்றாவது தேறியது. அவர் பின்னால் நின்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், இத்தனை மாதமாகத் தட்டச்சு செய்தது உண்மையில் எதற்காக என்று கேட்டார். ஒரு பழைய பாட்டுத்தாளின் பின்பக்கத்தில் நான்கு நிறுத்தங்களை வரைந்து, பெருக்கிக் காட்டினேன். இரண்டாவது பெருக்கலை அவரே போட்டார். சரியாகப் போட்டார்.

"அப்ப ஒரு ரூல்ல ஸ்டாப்ப எடுத்துட்டு, இன்னொரு ரூல்ல அதே எடத்துல திரும்ப வச்சா? அது பழைய ஸ்டாப்பா, புது ஸ்டாப்பா?"

நான் தாளைப் பார்த்தேன். அட்டவணையில் இரண்டும் ஒரே எழுத்து, ஒரே வரிசை, ஒரே பத்தி. வித்தியாசம் காட்ட என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

"தெரியலக்கா" என்றேன். அவரிடம் நான் சொன்ன பதில்களில் யோசித்துச் சொன்னது அதுவாகத்தான் இருக்கும்.

பட்டம் கிடைத்தது. பள்ளி வேலையிலேயே தொடர்ந்தேன். ஏறக்குறைய ஓராண்டு அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினேன். நிறுத்தங்களுக்கு இரண்டாவது அடையாளம் ஒன்று கொடுத்துப் பார்த்தேன்; அட்டவணைகள் பெருத்தன, விடை தெளியவில்லை. விட்டுவிட்டேன். சில ஆண்டுகளில் தட்டச்சுக் கடை மூடப்பட்டது. அவர் ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக மாவு மில்லில் சொன்னார்கள். எந்த நிறுவனம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் மில்லில் அரிசி மாவு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.