பிளவின் கிழக்குக் கரை

அப்பா இறந்தபின் நிலத்தைப் பிரித்தபோது, நல்ல புல்வெளி முழுவதையும் தம்பி கெட்டில் எடுத்துக்கொண்டான். அக்கா ஸ்டெய்ன்வோருக்குக் கிழக்கே பெருஞ்சாலையை ஒட்டிய எரிமலைப் பாறைக்காடு மிஞ்சியது.

"ஒத்தை ஆளு. உனக்கு எதுக்குப் புல்லு?" என்றான்.

அவளிடமும் ஆடுகள் இருந்தன. ஒவ்வொரு குளிர்காலமும் அவனிடமே காய்ந்த புல்லை விலைக்கு வாங்கிப் போட்டு அவற்றைக் காப்பாற்றினாள். மீவாட்ன் ஏரிப்பக்கத்தில் அது ஊரறிந்த கதை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழாம் ஆண்டு வசந்தத்தில் கிராஃப்லா மலைக்கு அடியில் தீக்குழம்பு நகர்ந்தது. நாள் முழுக்க நிலம் நடுங்கியது. இரண்டு பண்ணைக்கும் நடுவே இருந்த வேலிக்கம்பிகள் விறைத்து ஒவ்வொன்றாக அறுந்தன. பொழுது விடிந்து பார்த்தால், வேலி இருந்த இடத்தில் தெற்கு வடக்காக நிலம் பிளந்து, உள்ளேயிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. கெட்டிலின் வீட்டிலிருந்து பெருஞ்சாலைக்குப் போகும் பாதை பாதியில் அறுபட்டுக் கிடந்தது.

அவன் எதிர்க்கரையில் வந்து நின்றான்.

"அக்கா, அங்க ஐரோப்பா. இங்க அமெரிக்கா. காபி போட்டு வை, பாஸ்போர்ட் எடுத்துட்டு வரேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

தலைநகரிலிருந்து ஹியல்டி என்ற நிலவியல்காரர் வந்து, அகலத்தை அளக்க இரு கரையிலும் ஆணி அடித்தார். கிரீன்லாந்தும் நார்வேயும் ஒருகாலத்தில் ஒட்டிக்கிடந்தன, நடுவில் இப்படித்தான் விரிசல் விட்டுக் கடல் புகுந்தது, அமெரிக்காவின் பாறைத்தட்டும் ஐரோப்பாவின் பாறைத்தட்டும் விலகும் அந்தக் கோடு இந்தத் தீவின் குறுக்கேதான் போகிறது என்று அவளிடம் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் எப்பவும் இழுத்துக்கிட்டேதான் இருக்கும்மா. வெளிய தெரியாது. நூறு இருநூறு வருஷம் அடக்கி வச்சு, ஒரேநாள்ல விட்டுக்கொடுக்கும்."

"எங்க குடும்பத்தைத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசுறீங்களா?" என்றாள் ஸ்டெய்ன்வோர்.

அந்தக் கோடையில் கெட்டில் பாலம் கேட்டான். அதன் கிழக்கு முனை அவள் நிலத்தில்தான் ஊன்ற வேண்டும்.

"என் மண்ணுல ஒரு கட்டை ஊணக் கூடாது."

"மண்ணா? வெறும் பாறைதான இருக்கு."

"நீ குடுத்த பாறைதான்."

வட்டார அதிகாரி வந்து பேசிப் பார்த்தார். பாதிரியாரும் பேசினார். அவள் மசியவில்லை. கெட்டிலின் குடும்பம், வடக்கே பிளவு முடியும் இடம்வரை கரடுமுரடான பாறைமேல் வண்டியோட்டிச் சுற்றிவரப் பழகியது. ஜன்னல் வழியாக அந்த வண்டி குலுங்கிப் போவதைப் பார்க்கையில் அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது உண்மை. அடுத்தடுத்த நடுக்கங்களில் பிளவு இன்னும் அகன்றது.

பனி மூடிய ஒரு காலையில் எதிர்க்கரையிலிருந்து கெட்டிலின் மனைவி ஹல்பெராவின் குரல் கேட்டது. ஆட்டுக்கொட்டகையில் கெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். போன் செய்ததும் கிளம்பிவந்த மருத்துவர், பனியில் சுற்றுவழியில் வண்டி போகாது என்று நேரே ஸ்டெய்ன்வோரின் முற்றத்துக்கு ஜீப்பைக் கொண்டுவந்தார்.

ஸ்டெய்ன்வோர் தொழுவத்துக் கதவைக் கழற்றி இழுத்துவந்தாள். மருத்துவரும் ஒரு கை பிடித்தார். பிளவின்மேல் நீட்டினார்கள். எட்டவில்லை. எதிர்க்கரையில் ஹல்பெரா கைநீட்டிக்கொண்டு நின்றாள். கதவு நழுவி ஆவிக்குள் விழுந்தது.

மருத்துவர் வேறு வழியில்லாமல் நடந்தே வடக்கே சுற்றினார். அவர் போய்ச் சேர்ந்தபோது கெட்டிலின் கண்களை ஹல்பெரா மூடியிருந்தாள்.

அடக்கத்துக்கு ஸ்டெய்ன்வோர் தேவாலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வெளியே வந்ததும் ஹல்பெரா அவள் முன்னால் நின்றாள்.

"அவரு உங்களப் பத்தி எங்கிட்ட ஒருநாளும் தப்பாப் பேசினதில்ல. அது உங்களுக்குத் தெரியணும்."

அவ்வளவுதான் சொன்னாள். வசந்தத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அக்குரேரி நகரத்துக்குப் போய்விட்டாள். பிளந்த நிலத்தை வாங்க வேறு ஆள் வரவில்லை. புல்வெளி ஸ்டெய்ன்வோருக்கே வந்துசேர்ந்தது. அப்பாவின் மொத்த நிலமும், நடுவே புதிதாகப் பிறந்த அகலமும் இப்போது அவளுடையவை.

கோடையில் ஹியல்டி மறுபடி அளக்க வந்தார்.

"ரெண்டு பக்கமும் உங்களுதுதான? ஒரு பாலம் போட்டுக்கலாமேம்மா."

"கேட்டவன் போயிட்டான்," என்றாள்.

அக்கரையில் புல் அறுக்கும் நாள் அது. டிராக்டரைக் கிளப்பி, வடக்கு நோக்கிப் பாறைமேல் திருப்பினாள்.