சாய்ந்து நின்ற அடிவானம்

விமானத்தை ஓடுபாதைக்கு உருட்டிப் போகும்போது எங்கள் விமானி வாகி வேண்டுமென்றே இடமும் வலமுமாகத் திருப்புவார். அப்போது திசைகாட்டி நகர வேண்டும். விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் செயற்கை அடிவானம் மட்டும் சாயாமல் நிற்க வேண்டும். மேகத்துக்குள் கருவிகளை நம்பி ஓட்டுகிறவர்கள் செய்யும் சோதனை அது. கோரோக்கா என்ற மலைநகரத்தில் எங்கள் சிறு விமான நிறுவனம் மேகத்துக்குள் ஓட்டுவதில்லை. காலையில் மலை தெரியும்போது கிளம்பி, மேகம் மூடுவதற்குள் திரும்பிவிடுவோம். கண்ணால் பார்த்து ஓட்டுவதற்கு வேகமானி, உயரமானி, காந்தத் திசைமானி, ரேடியோ போதும்.

"அண்ணனோட பிளேன் சிங்சிங் ஆடக் கிளம்பிருச்சு டோய்!" என்று சரக்கு ஏற்றும் நாங்கள் எங்கள் திருவிழா ஆட்டத்தைச் சொல்லிக் கூவுவோம்.

"மலைக்காரப் பயலுகளா, உங்களைவிட நல்லாவே ஆடுது," என்பார். அவர் கடற்கரைக்காரர். கருவிகளை மட்டும் பார்த்து மேகத்துக்குள் ஓட்டும் உரிமம் வாங்கியவர் எங்களில் அவர் ஒருவர்தான்.

அந்த அடிவானம் சில மாதங்களாகவே இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. மாற்றச் சொல்லி முதலாளி கோலினிடம் வாகி பலமுறை சொன்னார்.

"நீ கண்ணால பாத்துத்தான ஓட்டுற? அப்புறம் அது எதுக்கு?" என்று கோலின் அதன்மேல் 'வேலை செய்யாது' என்ற ஸ்டிக்கரை ஒட்டினார். சட்டப்படி தவறில்லை.

கிரோபே என்ற மலைக்கிராமத்துக்கு அரிசி இறக்கப் போன அன்று நானும் கூட இருந்தேன். பிரசவத்தில் பிள்ளை குறுக்கே நின்றுவிட்ட மோனே என்ற பெண்ணைப் பள்ளத்தாக்கிலிருந்து தூக்கி வந்தார்கள். ஏற்றி முடிப்பதற்குள் நாங்கள் திரும்ப வேண்டிய கணவாயை மேகம் மூடிவிட்டது. தலைக்கு மேலே மட்டும் கொஞ்சம் வானம். கருவி சரியாக இருந்தால் மேகத்தைத் துளைத்து மலைகளுக்கு மேலே ஏறிவிடலாம்.

வாகி ஸ்டிக்கரைக் கிழித்தார். உருட்டித் திருப்பினார். அடிவானம் இன்னும் சாய்ந்தது; நிமிரவேயில்லை. எஞ்சின்களை அணைத்தார்.

மோனேயின் கொழுந்தன் யம்பே இறக்கையில் அறைந்தான். "ஓட்டை தெரியுதுல்ல? ஏறுய்யா!"

"ஓட்டைக்கு அந்தாண்ட மலை இருக்கு, யம்பே. உள்ள போயிட்டா எது மேல எது கீழன்னே எனக்குத் தெரியாது. எல்லாரும் செத்துருவோம்."

"அவ இப்பவே செத்துக்கிட்டிருக்கா."

 கணவாய் திறக்கட்டும் என்று காத்திருந்தோம். மழைதான் வந்தது. மோனே விமானத்துக்குள்ளேயே இறந்தாள், பிள்ளையும் வெளியே வராமலே.

எங்கள் மலை வழக்கப்படி அவள் குலத்தார் உயிருக்கு ஈடு கேட்டு வந்தார்கள். "ஓட்ட மாட்டேன்னு சொன்னது நானா?" என்று கோலின் கதவைச் சாத்திக்கொண்டார். மகனுக்குப் பெண் எடுக்கும்போது பெண் வீட்டாருக்குக் கொடுக்கவென்று மனைவி வளர்த்த பன்றிகளை வாகி ஓட்டிக்கொண்டு போனார். கயிற்றை நீட்டும்போது, கொன்றவன் நிற்கும் இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. நின்றார்.

அதன்பின் தங்கச் சுரங்கத்து ஆட்கள் வந்தார்கள். மேகத்திலும் ஓடினால்தான் ஒப்பந்தம் என்றார்கள். அடுத்த வாரமே புது அடிவானம் பொருத்தியாகிவிட்டது.

இப்போதும் வாகி உருட்டும்போது திருப்பிப் பார்க்கிறார். நாங்கள் கூவுவதில்லை.

"சரியா நிக்குதா அண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நிக்குது," என்றார். "சுரங்கத்துக்காரனுக்கு நிக்குது."