கடலுக்கடியில் மைனஸ் ஒன்பது

பள்ளிக்கூடத்தில் அவளைச் ‘சோடாபுட்டி’ என்று கூப்பிட்டார்கள். காலப்போக்கில் அது சுருங்கி ‘புட்டி’ ஆனது. நாற்பத்தாறு வயதிலும் வீட்டில் அதுதான் பெயர். கண்ணாடியின் பவர் மைனஸ் ஒன்பது என்றால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

வேலையும் மூக்குக்கண்ணாடிக் கடையில்தான், இருபத்துமூன்று வருடமாக. முன்பக்கம் விளக்கும் அலமாரியுமாகக் கடை மினுங்கும். பின்பக்கம் ஒரு சின்ன அறை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். அங்கே புட்டி லென்ஸைத் தேய்த்து பிரேமுக்குள் உட்காரவைப்பாள். தேய்க்கும் சக்கரத்தின்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் பார்த்தால் முழங்கை வரை வெள்ளைப் பொடி.

அப்படிப்பட்டவளை ஒருநாள் அக்கா போனில் பிடித்தாள்.

“எங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு ஒரு குட்டித் தீவுக்குப் போறோம். மூணு நாள். நீயும் வர்ற.”

“உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எதுக்கு, கரடி மாதிரி?”

“அங்க போறதே கடல்ல மிதந்து மீன் பாக்கத்தான். உங்க மாமா தண்ணியைக் கண்டா காத தூரம் ஓடுவார். நான் தனியா மீன்கூடப் பேசிட்டிருக்கவா?”

புட்டிக்கு நீச்சல் தெரியும். கடலில் கால் வைத்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. லீவு கேட்டவுடன் கடை முதலாளி தலையாட்டிவிட்டார். அவள் லீவு கேட்டதே அவருக்கு அதிசயம்.

தீவு என்றால் நிஜமாகவே குட்டி. செருப்பில்லாமல் நிதானமாக நடந்தாலும் பன்னிரண்டு நிமிடத்தில் சுற்றிவிடலாம். எட்டு மரக் குடில்கள், ஒரு சாப்பாட்டுக் கூடம், ஒரு பலகை காணாமல் போன படகுத்துறை, ஒரு படகுக்காரர். ஐம்பது வயதிருக்கும். தோளெல்லாம் வெயில் குடித்த நிறம். மாஸ்க், மூச்சுக்குழாய், நீந்தக் காலில் மாட்டும் துடுப்புச் செருப்பு எல்லாம் அவர் பொறுப்பு.

முதல் நாள் காலையிலேயே சிக்கல் வந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன்மேல் மாஸ்க்கை மாட்டினால், காதுக் கம்பி வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது. நாலு முறை மாட்டிப் பார்த்தாள், நாலு முறையும் மூக்கில் கடல்.

“கண்ணாடியைக் கழட்டிட்டு இறங்குங்க. தண்ணிக்குள்ள எல்லாமே பெரிசாத் தெரியும்” என்றார் படகுக்காரர்.

இறங்கினாள். பெரிதாகத்தான் தெரிந்தது, பெரிய மங்கலாக. தூரிகை கழுவிய தண்ணீருக்குள் தலையை விட்டதுபோல நீலமும் மஞ்சளும் குழம்பிக் கிடந்தன. எங்கிருந்தோ ‘கறுக் கறுக்’ என்று யாரோ முறுக்கைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் அக்கா குழாய்க்குள் “ஊ! ஊ!” என்று கத்திக் கைகாட்டிக்கொண்டே இருந்தாள். கை எது, கடல் எது என்றே புட்டிக்குப் புரியவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது கெத்தை விடாமல் சொன்னாள்: “நானும் பார்த்தேன்க்கா. ஆரஞ்சு கலர்ல நீளமா ஒரு மீன். அஞ்சு நிமிஷம் என் முன்னாடியே வாலை ஆட்டிட்டு நின்னுச்சு. பயப்படவே இல்ல.”

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். “அது என் காலுடி. ஆரஞ்சுச் செருப்பு போட்டிருந்தேன்.”

மாமா சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறிவிட்டது. புட்டியும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் குடிலுக்கு வந்ததும் முகம் தொங்கிப்போனது. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் பளிச்சென்று தெரியவைக்கிறவள், இத்தனை தூரம் வந்து அக்காவின் காலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதா?

பைக்குள் மாற்றுக் கண்ணாடி இருந்தது. சின்ன வட்ட பிரேம். அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அக்கா, புருவ பென்சிலும் நெயில் பாலிஷும் எடு.”

“இப்ப எங்க கிளம்புற, அலங்காரம் பண்ணிட்டு?”

“கடலுக்கு.”

வெந்நீரில் பிரேமை நனைத்து இளக்கினாள். கட்டைவிரலால் ஒரு அழுத்து. லென்ஸ் இரண்டும் கையில். மாஸ்க்கை முகத்தில் மாட்டிக்கொண்டு அக்காவை எதிரே உட்காரவைத்தாள்.

“என் கருவிழிக்கு நேரா மாஸ்க் கண்ணாடியில, வெளிப்பக்கமா ஒரு புள்ளி வை. மூக்கைப் பாக்காத, கண்ணைப் பாரு.”

“ஆடாம இருந்தாத்தானே வைப்பேன்!”

“நான் ஆடல, நீதான் சிரிச்சு ஆடுற.”

மூன்று தடவை துடைத்துத் திரும்ப வைத்த பிறகு புள்ளிகள் சரியாக விழுந்தன. புள்ளிக்கு நேராக லென்ஸின் மையத்தை வைத்து, உள்பக்கமாக, ஓரத்தில் நாலு நாலு சொட்டு நெயில் பாலிஷ். அக்காவிடம் இருந்தது ரத்தச் சிவப்பு மட்டும்தான். எட்டிப் பார்த்த படகுக்காரர் பதறிப்போனார்.

“ஐயோ, அது எங்க மாஸ்க்குங்க!”

“போகும்போது சுத்தமா எடுத்துக் குடுத்துடுறேன். ராத்திரி முழுக்கக் காயணும், யாரையும் தொட விடாதீங்க.”

மறுநாள் காலை மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது சிவப்புப் பொட்டுகளோடு ஏதோ பூச்சி மாதிரி இருந்தாள். மாமா போட்டோ எடுத்தார். அவள் கண்டுகொள்ளாமல் தலையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

அவ்வளவுதான், அப்படியே நின்றுவிட்டாள். கடல் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மணலில் வெயில் வலை பின்னிக்கொண்டிருந்தது. மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட மீன்கள் பள்ளி அணிவகுப்புபோல ஒரே சமயத்தில் திரும்பின. ஒவ்வொன்றின் செதிலையும் தனித்தனியாக எண்ணலாம். முந்தின நாள் முறுக்குக் கடித்தது யார் என்றும் தெரிந்தது: பச்சையும் ரோஜா நிறமுமாக ஒரு கிளிமீன், முன்பல்லால் பவளப்பாறையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. புட்டி சந்தோஷம் தாங்காமல் குழாய்க்குள் கூவினாள். பஸ் ஹாரன் மாதிரி கேட்டதாக அக்கா பிறகு சொன்னாள். ஒரு வாய் உப்புத் தண்ணீரும் உள்ளே போனது. அதைத் துப்பிவிட்டு மறுபடி குனிந்தவள் ஒன்றரை மணி நேரம் நிமிரவில்லை.

திரும்பும்போது முதுகு வெந்திருந்தது, விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. படகில் உட்கார்ந்து படகுக்காரரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் கரையைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணை இடுக்கினார். இருபத்துமூன்று வருடம் கடையில் இருந்தவளுக்கு அந்த இடுக்கல் தெரியாதா?

“அதோ நிக்குற படகுல என்ன நம்பர் எழுதியிருக்கு?”

“அது சமையல்காரர் படகு. நம்பர் எதுக்கு?”

“சும்மா படிங்களேன்.”

அவர் கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். கடைசியில் குரலைத் தணித்தார். “கண்ணு மங்கிப் பத்து வருஷமாச்சுங்க. நிழலை வெச்சே ஓட்டிட்டிருக்கேன். ஒருதடவை கண்ணாடி வாங்கினேன், முதல் வாரமே கடல் எடுத்துக்கிச்சு. அப்புறம், கண்ணாடி போட்ட படகுக்காரனை நம்பி யார் ஏறுவாங்க?”

“கண்ணு தெரியாதவரை நம்பித்தான் நாங்க ஏறியிருக்கோம்!” என்றார் மாமா. அதுவரை இல்லாத இறுக்கத்தோடு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

புட்டி ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் படகுக்காரர் முகத்துக்கு நேராக நீட்டி, எழுத்து கலங்கும்வரை பின்னால் இழுத்தாள். கிட்டத்தட்ட ஒரு முழத்தில் கலங்கியது.

“மைனஸ் ரெண்டரை இருக்கும். ஆனா என் வாய்க்கணக்கு போதாது. கரைக்குப் போனதும் டாக்டர்கிட்ட சோதிச்சு, சீட்டை எனக்கு அனுப்புங்க.”

ஊர் திரும்பிய மூன்றாவது வாரம் சீட்டு வந்தது. மைனஸ் இரண்டே முக்கால். “கால் பாயிண்ட்தான் தவறிட்டேன்!” என்று கடையில் எல்லோரிடமும் காட்டினாள். அவருக்காக இரண்டு செய்தாள்: பின்னந்தலையோடு கட்டும் பட்டை வைத்த கண்ணாடி ஒன்று, லென்ஸ் ஒட்டிய மாஸ்க் ஒன்று. இந்தத் தடவை முறையான பசை, சிவப்புப் பொட்டு இல்லை.

பார்சல் போன பத்தாம் நாள் போன் வந்தது. எடுத்தவுடன் படகுக்காரரின் கத்தல்.

“ஏங்க, தெற்குப் பக்கம் ஒரு பாறை இருக்கு, இடிச்சிடாதீங்கன்னு ஆளுங்களை எப்பவும் தள்ளிக் கூட்டிட்டுப் போவேன். இன்னைக்கு உங்க மாஸ்க்கோட இறங்கிப் பார்த்தா அதுக்குக் கண்ணு இருக்குங்க!”

“என்னது?”

“பாறை இல்லைங்க, மீனு! கட்டில் அகலத்துக்கு இருக்கு. இத்தனை வருஷமும் அதைச் சுத்தித்தான் போயிட்டு வந்திருக்கேன்!”

புட்டி சக்கரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். முன்பக்கம் நின்ற முதலாளி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

அதன்பிறகு படகுக்காரர் விடவில்லை. தீவுக்கு வந்து ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று உதட்டைப் பிதுக்கப்போகும் கண்ணாடிக்காரர்களின் சீட்டையெல்லாம் அவர்கள் வருமுன்பே வாங்கி அனுப்ப ஆரம்பித்தார். இப்போது சனிக்கிழமை மத்தியானங்களில் புட்டியின் மேஜையில் மூக்குக்கண்ணாடியைவிட மாஸ்க்தான் அதிகம்.

அடுத்த வருடம் மூவரும் மறுபடி போனார்கள். படகுக்காரர் அவளைத் தெற்குப் பக்கம் அழைத்துப்போனார். இருவரும் பக்கம் பக்கமாக மிதந்தபடி அந்த ‘பாறை’யைப் பார்த்தார்கள். பழுப்பாக, புள்ளி புள்ளியாக, யாரையும் சட்டை செய்யாமல் கிடந்தது. பிறகு நிதானமாக வாயைத் திறந்து, ஒரு வாளி நுழையும் அளவுக்குக் கொட்டாவி விட்டது.

இருவரும் அப்படியே திரும்பிப் படகை நோக்கிக் காலை உதைத்த வேகத்தில் நுரை பறந்தது. படகில் பத்திரமாக உட்கார்ந்திருந்த மாமா எழுந்து நின்று கைதட்டினார்.