கருவாடு இல்லாத தூக்குவாளி

உப்பளத்துல கூடை தூக்க வந்துட்டா காலுல வெடிப்பும் கண்ணுல கூச்சமும் கேக்காமலே வந்துடும். வாயை மட்டும் நாமளா வளத்துக்கணும், இல்லன்னா பொழைக்க முடியாது. எனக்கு வாயி ஜாஸ்தின்னு மரக்காணம் அளத்துல எல்லாருக்கும் தெரியும். அந்த வாயிதான் மீனு, கறி, முட்டை, பாலு எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு சீசன் முழுக்க நின்னு காட்டுச்சு. திடீர்னு சாப்பாட்டை மாத்தி, ஒடம்புகிட்டயும் ஊருகிட்டயும் ஒரே நேரத்துல மாட்டிக்கிட்டு முழிச்சவங்க யாராவது இருந்தா இப்படி வந்து ஒக்காருங்க. நாமெல்லாம் ஒரே செட்டு.

ஊரோட விட்டது

சுனாமி வந்துட்டுப் போன புதுசுல எங்க பக்கம் யாரும் மீனைத் தொடல. கடல் யார் யாரைக் கொண்டுபோச்சுன்னு தெரிஞ்சவங்களுக்கு அது தொண்டையில எறங்குமா? மீன் சட்டியைக் கழுவிக் கவுத்து வெச்சோம். மாசி போயி பங்குனி வந்துது. ஒவ்வொரு வீட்டுலயா மறுபடியும் கொழம்பு கொதிச்சுது. அதைத் தப்புன்னு நான் சொல்லல. கடலை நம்பி இருக்கிற ஊரு வேற இன்னா பண்ணும்? எனக்கு மட்டும் எறங்கல. மீனு எறங்காத தொண்டையில கறியும் எறங்கல.

என் வீட்டுக்காரரு பழனி, உப்பு லோடு டிராக்டர் ஓட்டுறவரு. "உனக்கு ஆக்கித் தர்றேன்யா, நான் சாப்பிடமாட்டேன், அவ்ளோதான்"னு சொன்னேன். அவரு வஞ்சிர மண்டையைக் கையில வெச்சுக்கிட்டே என் பக்கம் திரும்பினாரு. அப்புறம் சொன்னாரு: "ஊரே விட்டப்ப விட்டே, சரி. ஊரே தொட்டதுக்கு அப்புறமும் நீ தொடலன்னா, எங்களையெல்லாம் இன்னான்னு நெனச்சுக்கிட்டே?"

பால் இல்லாத டீ

எதிர்வீட்டு மாட்டோட கன்னு செத்துப்போச்சு. பால் கறக்க வர்றவரு அந்தத் தோலுக்குள்ள வைக்கோலை அடைச்சு நாலு குச்சிக்கால் வெச்சு முன்னால நிறுத்தினாரு. மாடு அதை நக்கிக்கிட்டே பாலை விட்டுச்சு. எல்லா ஊருலயும் நடக்குறதுதான், நானும் சின்ன வயசுல இருந்து பாத்ததுதான். அன்னிக்கு மட்டும் அந்த மாட்டு மூஞ்சை என்னால பாக்க முடியல. பாலு, தயிரு, மோரு எல்லாத்துக்கும் ஒரு கும்பிடு போட்டேன். "மோரு கூடவாடி?"ன்னு கேட்டவங்களுக்கு, "மோரு இன்னா வேப்பமரத்துலயா காய்க்குது?"ன்னு கேட்டேன்.

அளத்துக்குப் போற வழியில டீக்கடை. மறுநாள் விடியக்காலம் அங்க நின்னு, "அண்ணே, பால் ஊத்தாம ஒரு டீ"ன்னேன். எங்க பக்கம் அதை மருந்துக்குத்தான் கேப்பாங்க. பெஞ்சுல இருந்த ஆம்பளைங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. கடைக்காரரு ரொம்ப அக்கறையா எட்டிப் பாத்து, கடையே கேக்குற மாதிரி விசாரிச்சாரு: "வீட்டுல யாருக்கும்மா வயித்தால போவுது?"

காத்து அடிக்கிற பக்கம்

மீனு போன எடத்துல மொச்சையும் காராமணியும் கொண்டக்கடலையும் வந்து குந்துச்சு. ஒடம்பு சும்மா விடுமா? மொத ரெண்டு வாரம் வயிறு உருட்டுன உருட்டு இருக்குதே, அதை உங்ககிட்ட சொல்றதுக்கு எனக்கு இன்னா வெக்கம், உங்களுக்கும் ஆனதுதானே. தலையில உப்புக் கூடை, ரெண்டு கையும் கூடையில, கால் வெக்கிறது ஒத்தையடி வரப்பு. முன்னால ரெண்டு பேரு, பின்னால நாலு பேரு. நான் இன்னாத்த அடக்குறது?

அப்புறம்தான் பயறை ராத்திரியே ஊறவெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டு வேக வெக்கக் கத்துக்கிட்டேன். கொஞ்ச நாள்ல வயிறு வழிக்கு வந்துடுச்சு. காலையில எழுந்தா வெளிக்குப் போறதுக்கு முன்ன மாதிரி முக்கி மொனகுற வேலையும் இல்ல. ஆனா அது வரைக்கும் எனக்குப் பின்னாலயே நடந்த பவுனு அக்கா பாவம். என் கூட்டாளி, வாயைத் தொறந்து யாரையும் ஒண்ணும் சொல்லாத பொம்பளை. ஒருநாள் கூடையை எறக்கி வெச்சுட்டு என் கையைப் புடிச்சுக்கிச்சு: "அஞ்சல, கோச்சுக்காத தாயி, கடல் காத்து நம்ம பக்கம் திரும்புற வரைக்கும் நீ கடைசியா வா."

வரப்புல சாஞ்சது

சித்திரை வெயில்ல அளம் கண்ணாடி கணக்கா மின்னும். அந்த நேரத்துலதான் எனக்கு ஆரம்பிச்சுது. கெண்டைக்கால் முறுக்கிக்கும், தலை கிர்ருன்னு சுத்தும், குடம் குடமா தண்ணி குடிச்சாலும் தாகம் மட்டும் தீந்து தெம்பு வராது. மத்தவங்க கஞ்சி நேரத்துல கருவாட்டைக் கடிச்சிக்கிட்டு ஒரு வாய் குடிச்சுட்டு ஜிங்குன்னு எழுந்து போவாங்க. நான் மெதுவா எழுந்திருப்பேன். ஒருநாள் உப்பைக் குவிக்கிற அம்பாரத்துக்குப் பத்தடி தள்ளி வரப்புலயே சாஞ்சுட்டேன். கூடை கவுந்து, வாரின உப்பு அத்தனையும் சேத்துல போச்சு.

எனக்கு ஒடம்பு வலிச்சதை விட மானம்தான் ஜாஸ்தி வலிச்சுது. சீசன் நடுவுல கூடை தூக்குற ஒரு செட்டுல இருந்து எறக்கிட்டா இன்னொரு செட்டு சேக்காது, "சாயுற பொம்பளை"ன்னு பேராயிடும். மழைக்கு அளம் மூடுற வரைக்கும் கையில இருக்கிற ஒரே வேலை இது. அதைவிட, நான் எறங்கிட்டா ஊரு இன்னா சொல்லும்? "பாத்தியா, மீனை விட்டா இப்படித்தான்"னு சொல்லும். அந்தச் சொல்லை மட்டும் என்னால ஜீரணிக்க முடியாது. எங்க செட்டு ஏழுமலை மேஸ்திரி வந்து என்னைப் பாக்காம சேத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "கிளியனூர்ல ஒரு பொம்பளை வேலை கேட்டுக்கிட்டு இருக்குது. நீ மீனைத் தின்னுட்டு வர்றியா, இல்ல இன்னொரு தடவை சாஞ்சதும் அதைக் கூப்புட்டுக்கட்டுமா?"

தூக்குவாளியில திருட்டு

மறுநாள் கஞ்சி நேரத்துல என் தூக்குவாளியைத் தொறந்தா, உள்ள நாலு வறுத்த நெத்திலிக் கருவாடு. பவுனு அக்கா வேலை. ரோஷத்துல எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. கத்தணும்னு எழுந்தேன். ஆனா அது மூஞ்சைப் பாத்தா, என்னைவிட அதுதான் ஜாஸ்தி பயந்துபோயி இருக்குது. நெத்திலியை எடுத்து அதோட தூக்கு மூடியில வெச்சேன். வாசனை இருக்குதே, மூக்குல ஏறி மண்டைக்குள்ள போயி குந்திக்கிச்சு, பொய் சொல்லமாட்டேன். "அக்கா, என்னைக் காப்பாத்தணும்னா கூட நட. என் வாயில எதையும் போடாத"ன்னேன். அது நெத்திலியைத் தின்னுக்கிட்டே அழுதுச்சு: "செத்துப்போயிடுவேடி, அப்புறம் நான் யாரு பின்னால நடக்குறது?"

நர்சம்மா கேட்ட கேள்வி

சரின்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கறி சாப்பிடச் சொல்லித்தான் வெரட்டுவாங்கன்னு சண்டைக்குத் தயாரா போயி நின்னேன். அங்க இருந்த நர்சம்மா கோவமே படல. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இன்னா இன்னா சாப்பிடுறேன்னு ஒண்ணொண்ணா கேட்டாங்க. கஞ்சி, ஊறவெச்ச பயறு, கீரை, வேர்க்கடலைன்னு பெருமையா அடுக்கினேன். பாலு முட்டை எதுவும் தொடலன்னா பி-12 சத்து மாத்திரையை விடாம போட்டே ஆகணும்னு சொன்னாங்க. அதுக்கு நான் மல்லுக்கு நிக்கல. மாத்திரை போட்டா கொறைஞ்சா போயிடுவேன்?

அப்புறம் ஒண்ணு கேட்டாங்க பாருங்க. எங்க வீடுகள்ல கஞ்சியில உப்பு போடுற பழக்கமே கெடையாது. கருவாட்டுலயே உப்பு கரிக்கும், அதைக் கடிச்சிக்கிட்டா கஞ்சிக்குத் தனியா எதுக்கு? நான் கருவாட்டை விட்டேன். அதோட போன உப்பை யாரு திரும்பப் போட்டது? பயறைக் கூட வெறுமனே வேக வெச்சுத்தான் எடுத்துட்டுப் போனேன். நாளெல்லாம் வேர்வையில ஒடம்பு உப்பைக் கொட்டிக்கிட்டே இருக்குது, உள்ள ஒரு கல்லு கூட போகல. நர்சம்மா வசவா கேக்கல, வைத்தியமா கேட்டாங்க: "ஏம்மா, நாள் பூரா உப்புலதானே நிக்கிற, கஞ்சியில ஒரு கல்லு எடுத்துப் போட்டுக்கத் தோணலியா?"

கோடை மழை

கஞ்சியில உப்பு, பயறுல உப்பு, தொட்டுக்க ஊறுகாய். ஒரு வாரத்துக்குள்ள கால் முறுக்குறது நின்னுச்சு, தலை தெளிஞ்சுது. யாருகிட்டயும் சொல்லல. சொல்லி நம்பவெக்கிற வேலை எனக்கு எதுக்கு, தூக்கிக் காட்டுனா போச்சு.

வைகாசியில ஒருநாள் மத்தியானம் மேற்க கருகருன்னு மேகம் ஏறுச்சு. மழை புடிச்சா பாத்தி வரப்புல வாரி வெச்ச உப்பு கரைஞ்சு ஓடிடும். வீட்டுக்குக் கெளம்பினவங்க எல்லாம் சும்மாடைக் கட்டிக்கிட்டுத் திரும்பி ஓடியாந்தோம். ஓட்டமும் நடையுமா கூடை கூடையா அம்பாரத்துல கொட்டினோம். மேஸ்திரி கண்ணு என் கால் மேலயே இருந்துச்சு, எப்ப மடங்கும்னு. ரெண்டு பேரு மூச்சு வாங்கி ஒக்காந்துட்டாங்க. பவுனு அக்கா கூடையைப் பாதி வழியில எறக்கிடுச்சு. அதையும் வாங்கிக்கிட்டுப் போயி கொட்டினேன். ஓலை போட்டு மூடி முடிக்கவும் மொத சொட்டு விழவும் சரியா இருந்துச்சு. நான் அம்பாரத்து மேல நின்னு இடுப்புல கை வெச்சுக்கிட்டு மேஸ்திரியையே பாத்தேன். அன்னிக்குத்தான் என் வாய்க்கு லீவு. அவரு தலைத்துண்டை எடுத்து மூஞ்சைத் தொடச்சுக்கிட்டு, டிராக்டர்ல இருந்த என் வீட்டுக்காரரைப் பாத்துக் கத்தினாரு: "ஏம்பா பழனி, கிளியனூர் வழியாத்தானே போற, அந்தப் பொம்பளைகிட்ட இங்க ஆள் தேவையில்லன்னு சொல்லிடு!"

இத்தனை வருசமா ஊருக்கெல்லாம் உப்பைத் தலையில தூக்குறவ, என் வாயில ஒரு கல்லு போட்டுக்கத்தான் ஒரு நர்சம்மா சொல்ல வேண்டியிருந்துச்சே தவிர, மீனு தின்னுன்னு சொன்ன ஒருத்தரும் இது வரைக்கும் என் கூடையைத் தூக்க ஒரு கை குடுத்தது இல்ல.