கேட் மாத்திரை

ஒருவர் களைத்துப் போயிருக்கிறார் என்பதை நீங்கள் எத்தனை முறை நம்பியிருக்கிறீர்கள்? காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து நம்புவீர்கள். கால் முறிந்தால் மாவுக்கட்டைப் பார்த்து நம்புவீர்கள். சூடும் இல்லை, கட்டும் இல்லை, "முடியல" என்ற ஒரு சொல்தான் இருக்கிறது என்றால்? "எல்லாருக்கும்தான் களைப்பா இருக்கு" என்பதுதானே உங்கள் பதில்?

அந்தப் பதிலை ஒரே வருடத்தில் ஏழெட்டு வாய்களிலிருந்து கேட்டவள் ஒருத்தி இருக்கிறாள். வயது நாற்பத்து மூன்று. காலணித் தொழிற்சாலையில் வேலை. அங்கே அவளை எல்லோரும் ஜோடியக்கா என்று கூப்பிடுவார்கள், ஏனென்றால் அவள் வேலையே ஜோடி சேர்ப்பதுதான். இடது கால் ஷூ ஒரு வரிசையில் தைத்து வரும், வலது கால் ஷூ இன்னொரு வரிசையில் வரும். இரண்டும் அவள் மேசையில் வந்து குவியும். தோல் துணியைப் போல இல்லை. ஒரே சாயத்தில் முக்கி எடுத்தாலும் முதுகுத் தோல் ஒரு நிறம் காட்டும், வயிற்றுத் தோல் ஒரு நிறம் காட்டும். நூறு கறுப்புக்குள் ஒரே கறுப்பான இரண்டைக் கண்டுபிடித்து, அளவு பார்த்து, தையல் பார்த்து, பெட்டிக்கு அனுப்ப வேண்டும். ஒரு ஷிப்டுக்கு அறுநூறு ஜோடி. பதினோரு வருடமாக அவள் அனுப்பிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பன்னிரண்டாம் வருடம் வந்தது.

திரும்பி வந்த பெட்டியைத் திறந்தால் இரண்டும் இடது கால். நிறம் கச்சிதம், அளவு கச்சிதம், தையல் கச்சிதம். ஆனால் இரண்டும் இடது.

"விடுக்கா, ரெண்டு இடது காலோட எங்கயாவது ஒருத்தன் பொறந்திருப்பான். இத்தனை நாளா செருப்பில்லாம அலைஞ்சிருப்பான் பாவம்" என்றாள் பக்கத்து மேசையில் பெட்டி கட்டும் தோழி. வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். தொழிற்சாலையே சிரித்தது. சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. மஞ்சள் சீட்டு ஒன்றை எழுதிக் கொடுத்தார். ஒரு வருடத்தில் மூன்று மஞ்சள் சீட்டு சேர்ந்தால் மேசை போய்விடும். பின்பக்கத்துக் கொட்டகையில் தோல் கழிவை அள்ளிப் போடும் வேலைதான் மிச்சம். பதினோரு வருடக் கண்ணுக்குக் கூடையும் மண்வெட்டியும்.

அவளுக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் எட்டு மணி நேரம் மூட்டை தூக்கியவள் போல இருந்தது. வெயிலிலும் குளிர்ந்தது. முகம் உப்பியது, குரல் கட்டியது, சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. பத்து மணிக்கெல்லாம் கறுப்புகள் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதன்தான், ஆனாலும் அவனும் சொன்னான்: "மனசுதாம்மா காரணம். கொஞ்சம் சுறுசுறுப்பா இருந்தா எல்லாம் சரியாயிடும்."

"ஏங்க, கரண்ட் வராத லிஃப்டுகிட்ட போய், கொஞ்சம் முயற்சி பண்ணு கண்ணு, மேல போயிடலாம்னு சொல்வீங்களா?"

"எங்க கரண்ட் நிக்குதுன்னுதான் பாப்பேன்" என்றான் அவன்.

"அப்ப வாங்க, பாக்கலாம்."

பார்த்தார்கள். ரத்தப் பரிசோதனையில் கரண்ட் நின்ற இடம் தெரிந்தது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டது. அது சுரக்கவில்லை என்றால் டி.எஸ்.எச். என்ற எண் ஏறும். நாலைத் தாண்டக் கூடாத எண் அவளுக்கு முப்பத்தெட்டு. சோம்பேறித்தனத்துக்கு இப்படி எண் எதுவும் கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டாக்டரம்மா ஐம்பது மைக்ரோகிராம் அளவில் மாத்திரை எழுதினார். "காலையில வெறும் வயித்துல, வெறும் தண்ணியில போடணும். ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி, சாப்பாடு எதுவும் கூடாது. ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பாத்துட்டு அளவை மாத்துவோம். ஒரே நாள்ல சரியாகாது, பொறுமை வேணும். வேற ஏதாவது மாத்திரை போடுறீங்களா?"

"இல்லீங்க."

அவள் பொய் சொல்லவில்லை. அந்தப் பதிலில்தான் எல்லாமே இருந்தது, ஆனால் அது அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

ஆறு வாரம் என்பது டாக்டர் வாயில் ஒரு சொல். களைத்தவளுக்கு அது நாற்பத்திரண்டு காலைகள். அவள் அந்தக் காலைகளை ஒவ்வொன்றாக வகுத்தாள். கண் தெளிவாக இருக்கும் முதல் மூன்று மணி நேரத்தில் கறுப்பையும் கரும்பழுப்பையும் முடித்தாள். ஏமாற்றாத வெள்ளையை மதியத்துக்குத் தள்ளினாள். பெட்டியில் போடும் முன் ஒவ்வொரு ஜோடியையும் தன் கால்களுக்கு நேரே பிடித்து, "இது இடது, இது வலது" என்று வாய்விட்டுச் சொன்னாள். சாப்பாட்டு இடைவேளையில் அரட்டையை விட்டுவிட்டு அட்டைப்பெட்டி விரிப்பில் இருபது நிமிடம் படுத்தாள். சாயங்காலச் சமையல் புருஷன் கைக்குப் போனது. வெந்தது பாதி, வேகாதது பாதி, ஆனாலும் சாப்பாடு சாப்பாடுதான். துணியை மடிப்பதை அடியோடு நிறுத்தினாள். மடிக்காத துணியால் யாரும் செத்ததில்லை.

ஒருநாள் வீட்டிலிருந்து முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து மேசைக்குப் பின்னால் போட்டாள்.

"இது என்ன பூங்காவா? நின்னுதான் வேலை செய்யணும்" என்றார் சூப்பர்வைசர்.

"நிக்கிறது காலு சார். ஜோடி பாக்கிறது கண்ணு. கண்ணு உக்காந்துகிட்டும் பாக்கும்."

விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். நிற்க வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. யாரோ எப்போதோ நின்றதால் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்! அடுத்த வாரம் அந்த வரிசையில் ஏழு முக்காலிகள்.

நாத்தனார் போன் செய்தாள். புருஷனுக்கு மூத்தவள். போனில் வரும் செய்தியையெல்லாம் அப்படியே நம்புகிறவள். "அந்த மாத்திரையை முதல்ல நிறுத்து. ஒரு விதையை ஊற வச்ச தண்ணி இருக்கு, இருபத்தோரு நாள்ல தைராய்டே இல்லாமப் போயிடுமாம்."

"நான் ஏற்கெனவே அது பாதி இல்லாமத்தான் அண்ணி கெடக்கேன். சரி, குடிக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் யாராவது ரத்தம் எடுத்துப் பாத்தாங்களா?"

"அதெல்லாம் எதுக்கு? நம்பிக்கைதான் முக்கியம்."

"அதை அளக்க ஊசி இல்லையே அண்ணி."

இவ்வளவும் செய்தாள். ஆறு வாரம் கழித்து எண் முப்பத்தொன்று. மாத்திரை எழுபத்தைந்து ஆனது. இன்னும் ஆறு வாரம். நடுவில் ஒருநாள், ஏழாம் அளவு ஷூவும் எட்டாம் அளவு ஷூவும் ஒரே பெட்டியில் போய்விட்டன. இரண்டாவது மஞ்சள் சீட்டு வந்தது. அடுத்த பரிசோதனையில் எண் இருபத்தேழு. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும் என்று காத்திருந்தால் கழுதை கழுதையாகவே நின்றது.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "உண்மையைச் சொல்லுங்க. மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா?"

வீட்டில் சோம்பேறி, வேலையில் தூங்குமூஞ்சி, இங்கே பொய்க்காரி. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "ஒருநாள் விடல டாக்டர். நான் வேலையில கண்ணை ஏமாத்தினதில்ல, உங்களை ஏமாத்துவேனா?"

"அப்ப நூறா ஏத்துவோம்."

"ஒரு வாரம் பொறுங்க. எழுபத்தஞ்சு ஏன் வேலை செய்யலன்னு தெரியாம நூறை முழுங்கி என்ன பண்றது?"

ஞாயிற்றுக்கிழமை மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருந்த தாளை விரித்தாள். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. கறுப்புக்குள் கறுப்பைப் பிரித்த கண்ணுக்கு எறும்பு ஒரு பொருட்டா? வரி வரியாக வந்தாள். ஒரு வரியில் விரல் நின்றது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் இது உடம்பில் சேராது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கேட் மாத்திரை!

இதை விளக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் தொழிற்சாலையில் நாலு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். ரத்தசோகை என்றார்கள். சரக்கு வாங்கும் கம்பெனிக்காரர்கள் கேள்வி கேட்டார்கள். மறுமாதத்திலிருந்து வேலைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் கேட் வாசலிலேயே சிவப்பாக ஒரு இரும்புச்சத்து மாத்திரை. ரத்தசோகை இருக்கிறதா என்று ஒருத்திக்கும் பார்க்கவில்லை. சிலர் சாக்கடையில் துப்பியதால், நர்ஸம்மா முன்னால் விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டினால்தான் பதிவேட்டில் டிக் விழும். டிக் விழுந்தால்தான் வருகை அட்டையை அடிக்கலாம். இதனால் அங்கே ஒருத்திக்கும் அது மாத்திரையாகவே தோன்றவில்லை. செருப்பைக் கழற்றுவது, பையைத் திறந்து காட்டுவது போல அதுவும் ஒரு வாசல் சடங்கு. டாக்டர் கேட்டபோது பையைத் திறந்து காட்டுவதையா சொல்வாள்?

ஆறு மணிக்கு வீட்டில் தைராய்டு மாத்திரை. ஏழே காலுக்கு வாசலில் இரும்பு. மூன்று மாதமாக அவள் கையே போட்டதை அவள் கையே அழித்திருக்கிறது. அழிக்கச் சொன்ன தொழிற்சாலைதான் மஞ்சள் சீட்டும் கொடுத்திருக்கிறது.

திங்கள் காலை ஏழே கால். சிவப்பு மாத்திரையை வாங்கினாள், வாயில் போடவில்லை.

"இதை மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கறேன் நர்ஸம்மா. உங்க முன்னாடியேதான். நாக்கு என்ன, தொண்டை வரைக்கும் காட்டறேன்."

"இப்ப முழுங்கலன்னா டிக் கிடையாதும்மா. எனக்கு ஏன் வம்பு?"

"டிக் இல்லன்னா நிக்கறேன்."

நின்றாள். பின்னால் வரிசை வளர்ந்தது. "அக்கா, சாவி தொலைஞ்ச பூட்டு மாதிரி நிக்கறியே, என்ன விஷயம்?" என்று ரேடியோ கத்தினாள். ஜோடியக்கா தாளை விரித்து அந்த வரியை உரக்க வாசித்தாள். சூப்பர்வைசர் வந்தார்.

"ஏற்கெனவே ரெண்டு சீட்டு வாங்கியிருக்கே. மூணாவது வேணுமா?"

மேசை, பதினோரு வருடம், கொட்டகை, கூடை எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போயின. ஆனாலும் விரித்த தாளை அவள் மடிக்கவில்லை.

"எழுதுங்க சார். இங்கேயே எழுதுங்க. காரணம்னு ஒரு கட்டம் இருக்கில்ல? 'டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்யணும்னு கேட்டாள்' அப்படின்னு எழுதுங்க. எனக்கு ஒரு காப்பி, சரக்கு வாங்குற கம்பெனிக்கு ஒரு காப்பி."

சூப்பர்வைசரின் பேனா சட்டைப் பையிலிருந்து பாதி வந்து அங்கேயே நின்றது.

வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "நானும் தைராய்டு மாத்திரைதான் போடறேன். ரெண்டு வருஷமா ஏத்திக்கிட்டே இருக்காங்க." இன்னொரு கை. பிறகு இன்னும் மூன்று. நர்ஸம்மா தாளை வாங்கி இரண்டு முறை வாசித்தார். முகம் சிறுத்துப் போனது. "எனக்குத் தெரிஞ்சிருக்கணும். படிச்சதுதான். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம கொடுத்துட்டேனே" என்றவர், பதிவேட்டில் ஆறு பெயர்களுக்கு எதிரே 'மதியம்' என்று எழுதி டிக் போட்டார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. தவறு தெரிந்த நிமிடத்தில் பேனாவை எடுத்தவர் அவர்.

அந்த வாரக் கடைசியில் டாக்டரம்மா தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லவேளை ஏத்தல. ஏத்தின பிறகு இரும்பு நின்னிருந்தா நெஞ்சு படபடத்திருக்கும். அதே எழுபத்தஞ்சு, ஆறு வாரம். உங்களை நம்பாம கேட்டேன், மன்னிச்சுக்கோங்க."

எண் எட்டுக்கு இறங்கியது. கொஞ்சம் அளவு கூட்டி இன்னும் ஆறு வாரம் போனதும் மூன்று. களைப்பு ஒரே நாளில் போகவில்லை. வந்த வழியே மெதுவாகத்தான் திரும்பிப் போனது. இன்றைக்கும் சில மதியங்களில் அவள் அட்டை விரிப்பில் படுக்கிறாள். ஆனால் கறுப்பு பல கறுப்புகளாகப் பிரிந்து தெரிகிறது. மேசை அவள் மேசையாகவே இருக்கிறது. மூன்றாவது சீட்டை எழுத யாருக்கும் கை வரவில்லை.

பழைய இரண்டு சீட்டுகள் மட்டும் கோப்பில் இருக்கின்றன. அவற்றை நீக்கச் சொல்லி நான்கு கடிதம் எழுதிவிட்டாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. "பரிசீலிக்கட்டும். என் கை ஓயாது" என்று ஐந்தாவது கடிதத்துக்குத் தாள் வாங்கிவிட்டாள். அதில் கையெழுத்துப் போட ரேடியோ நாற்பது பேரைத் திரட்டியிருக்கிறாள்.

உங்கள் வேலையிடத்திலோ, உங்கள் மகள் படிக்கும் பள்ளியிலோ வரிசையில் நிற்க வைத்து மாத்திரை கொடுக்கிறார்களா? நாளைக் காலை போங்கள். இது என்ன மாத்திரை, யாருக்கு வேண்டும், யாருக்குக் கூடாது, எந்த நேரத்தில் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை வாசலை விட்டு நகராதீர்கள்.