கை நனைக்காத சங்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போது என் கணவர் கூடத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருக்கிறார். தோலை ஒரு பக்கம், பருப்பை ஒரு பக்கம் போடச் சொன்னேன். இரண்டையும் ஒரே தட்டில் போடுகிறார். போட்டுக்கொள்ளட்டும். அவர் காணாமல் போய்க் கிடைத்த அந்த நாளைப் பற்றி, அவர் கண்ணெதிரே இருக்கும்போதுதான் என்னால் எழுத முடிகிறது.

எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் அந்த நாளைச் சொல்ல முடியாது. ராணுவக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் வந்து தங்கிவிட்டவர்கள் சேர்ந்து நடத்தும் சின்னச் சங்கம் அது. துப்பாக்கி பிடித்தவர்களுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. அவர்களுக்குச் சம்பளமும் பென்ஷனும் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்த எங்களை யாருக்கும் தெரியாது. "மிலிட்டரியில இருந்தீங்களா?" என்று ஆர்வமாகக் கேட்பவர்கள்கூட "கணக்குப் பிரிவு" என்றதும் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்கள்.

பட்டாளத்துக்காரர் குடும்பத்தில் பென்ஷன் சிக்கல் என்று யாராவது சொன்னால் நாங்கள் வீடு தேடிப் போவோம். அலைந்து முடித்துக் கொடுப்போம். அதில் ஒரு விதி வைத்திருந்தோம். யார் வீட்டிலும் கை நனைப்பதில்லை. சாப்பாடு மட்டுமில்லை, காபி கிடையாது, தண்ணீர்கூடக் கிடையாது. பணியில் இருந்தபோது வந்த பழக்கம் இது. ஆடிட்டுக்குப் போன இடத்தில் டீ வந்தால் காசைக் கொடுத்துவிட்டுத்தான் குடிப்போம். தீபாவளிக்கு வரும் ஸ்வீட் பெட்டி வந்த வேகத்தில் திரும்பிப் போகும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பிடிவாதம் எங்களை விடவில்லை. சங்கத்தில் அதை எல்லாரையும்விடக் கறாராகப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

பொங்கல் நெருங்கினால் எனக்குத் தலைவலி ஆரம்பிக்கும். கரும்பு, பரங்கிக்காய், சின்ன வெங்காயம் என்று வண்டியில் கட்டிவிடுவார்கள். நான் அவிழ்த்துத் திருப்பி வைப்பேன். குன்னத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண், கணவனைப் பட்டாளத்தில் இழந்தவள், சொம்பை நீட்டியபடி என்னிடம் கேட்டாள், "ஏன் மேடம், எங்க வூட்டுத் தண்ணி குடிக்கமாட்டீங்களா?" அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. சங்கத்து விதிம்மா என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுடைய பென்ஷன் வேலை இழுத்துக்கொண்டே போனதால் அந்த வீட்டுக்குப் பலமுறை போக வேண்டியிருந்தது. பிறகு அவள் சொம்பை நீட்டவே இல்லை.

வெளியாரிடம் எதையும் வாங்காததால் எங்களுக்கு நாங்களே நன்றி சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கென்று பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் தலைவர் வீட்டு மாடியில் ஒரு நன்றிக் கூட்டம் நடக்கும். தணிக்கை செய்து பழகியவர்களுக்குப் பாராட்ட வராது. "ஆட்சேபணை இல்லை" என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பெரிய பாராட்டு. அதையே ஆளாளுக்கு வேறு வேறு மாதிரி சொல்லிவிட்டு, சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக் கலைவோம். அந்த வருஷம் நன்றியுரை என் முறை. தலைவர் முன்கூட்டியே போன் செய்து, "இந்தத் தடவை முதல்ல உங்க வூட்டுக்காரருக்குச் சொல்லுங்க மேடம். அவர் வண்டி இல்லாம நம்ம சங்கம் எங்க ஓடியிருக்கும்?" என்றார்.

உண்மைதான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நான் திருச்சி அலுவலகத்துக்கு ரயிலில் போய் வந்த காலம் முழுக்க, சாயங்காலம் அரியலூர் ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டரோடு நிற்பார். சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடித்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்பார். ஓய்வுக்குப் பிறகு கிராமம் கிராமமாக என்னை ஏற்றிக்கொண்டு போனதும் அவர்தான். நான் உள்ளே போய்ப் பேசி முடித்து வரும்வரை வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். வந்ததும் "முடிஞ்சுதா?" என்பார். ஒருநாளும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதில்லை.

மறதி மெதுவாகத்தான் வந்தது. முதலில் சாவி, பிறகு பால்காரர் பெயர், பிறகு எங்கள் தெரு. ஸ்கூட்டரை விற்றோம். விற்றதையும் மறந்துவிட்டு அடிக்கடி வாசலில் தேடினார். மருத்துவர் மாத்திரை கொடுத்து, தனியாக விடாதீர்கள் என்றார். நானும் விடவில்லை. அந்த நன்றிக் கூட்டத்தன்று காலையில் மட்டும்தான்.

அரியலூர் பஸ் நிலையத்தில் பெரம்பலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் பூ வாங்கப் போனேன். சில்லறைக்காகக் கடைக்காரப் பெண் அடுத்த கடைக்குப் போய் வந்தாள். திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கழிப்பறை, டீக்கடை, நிற்கிற பஸ்களின் உள்ளே என்று எல்லா இடமும் தேடினேன். ஆட்டோ பிடித்து ரயில் ஸ்டேஷனுக்குப் போனேன். சாயங்காலங்களில் அவர் நிற்கும் இடம் காலியாக இருந்தது. தண்டவாளத்தில் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டியவரை பார்த்தேன். வெளியே வந்தால் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று தண்டவாளம், இல்லையென்றால் லாரி, இந்த இரண்டைத் தவிர எனக்கு வேறு நினைப்பே வரவில்லை. கையில் இருந்த பூவை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

தலைவருக்கு போன் செய்தேன். அவர் நிதானமாக, கடைசியாக எங்கே பார்த்தீர்கள், என்ன கலர் சட்டை, கையில் பை உண்டா, சட்டைப் பையில் காசு உண்டா என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"சார், இது என்ன ஆடிட்டா? எங்க வூட்டுக்காரரைக் காணோம்ங்கறேன்" என்று நடுரோட்டில் நின்று கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "கூட்டம் கிடையாது மேடம். அடுப்பை அணைச்சாச்சு. எல்லாரும் கிளம்புறோம். நீங்க சொன்னாத்தான் எதைப் பார்த்துத் தேடுறதுன்னு தெரியும்" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. நீலக் கட்டம் போட்ட சட்டை, பையில் பஸ்ஸுக்கு மட்டும் காசு என்று சொன்னேன்.

அந்த மனிதர்களுக்கு நான் எத்தனை தடவை நன்றி சொன்னாலும் போதாது. மூட்டுவலிக்காரர் ஒருவர் பெரம்பலூர் பஸ் நிலையத்தில் இறங்கும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் மகனின் மோட்டார்சைக்கிளில் சாலையோரமாகவே அரியலூர் நோக்கி வந்தார். எங்களில் கார் வைத்திருப்பவர் பூலாம்பாடிக்காரரான பொருளாளர். அவர் நேராக என்னிடம் வந்துவிட்டார். வாய் ஓயாத மனிதர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காரை நிறுத்தும்போதுதான் என் போன் அடித்தது.

"மேடம், சார் இங்கதான் இருக்காரு. நல்லாத்தான் இருக்காரு. பதறாம வாங்க."

குன்னத்துப் பக்கத்துப் பெண்ணின் குரல். அழுகையும் சிரிப்பும் எனக்கு ஒன்றாக வந்தது. பொருளாளர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து, "அப்பாடா" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினார்.

நடந்தது எனக்கு வழியிலேயே புரிந்தது. நான் பூக்கடையில் நின்றபோது வந்த பெரம்பலூர் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். வழியில் குன்னத்தில் இறங்கி, நாங்கள் ஸ்கூட்டரில் போன அதே மண்பாதையில் நடந்திருக்கிறார். சொந்தத் தெரு மறந்தவருக்கு அந்த வழி மறக்கவில்லை.

பருத்திக்காட்டை ஒட்டிய வீடு. வாசல் வேப்பமரத்தடியில் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். நீலக் கட்டச் சட்டை கசங்கக்கூட இல்லை. கையில் சொம்பு, பக்கத்தில் தட்டில் சின்ன வெங்காயம். நான் காரிலிருந்து இறங்கி ஓடினேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கல்லில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"உட்காருங்கம்மா. உள்ள எங்க வூட்டுக்காரம்மா பேசிக்கிட்டு இருக்காங்க. முடிஞ்சதும் வந்துடுவாங்க" என்றார்.

என்னைத்தான் சொல்கிறார். என்னிடமே சொல்கிறார். அவர் காட்டிய இடத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து குனிந்து, "காட்டுலேருந்து வந்து பார்த்தா இப்படித்தான் உட்கார்ந்திருந்தாரு மேடம். வூடு பூட்டிக் கெடக்கு, உள்ள நீங்க இருக்கீங்கன்னு சொல்றாரு. அப்பவே எனக்கு வெளங்கிடுச்சு. கூழைக் கரைச்சுக் குடுத்துட்டு உங்களுக்கு போன் போட்டேன்" என்றாள்.

"கூழா? அவர் குடிச்சாரா?"

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். "சார் எப்பவும் குடிக்கிறதுதானே மேடம். நீங்க உள்ள எழுதிக்கிட்டு இருப்பீங்க, இவரு இங்க ரெண்டு சொம்பு கம்பங்கூழ் குடிச்சிருவாரு. வெங்காயம் இன்னும் குடும்மான்னு கேட்டு வாங்குவாரு. மேடத்துக்கிட்ட மூச்சு விடாதீங்கம்பாரு. எங்க வூட்டுல மட்டுமா? போற ஊரு பூரா இவருக்குக் கூழுதான், மோருதான்."

நான் அவரைப் பார்த்தேன். மனிதர் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு பருத்திக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் விதி விதி என்று நான் தொண்டை வறண்டு வீடு திரும்பியிருக்கிறேன். பின்சீட்டில் என்னை உட்கார வைத்துக்கொண்டு இந்த ஆள் வயிறு நிறைய வண்டி ஓட்டியிருக்கிறார். வேறு நாளாக இருந்தால் வீட்டுக்குப் போனதும் ஒரு வாரம் பேசியிருக்கமாட்டேன். அன்று எனக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. நானும் அவரும் ஒரே மாதிரி இருந்திருந்தால் அவர் தேடி வர இந்தப் பக்கம் ஒரு வீடும் இருந்திருக்காது.

போனில் தகவல் கேட்டு தலைவரும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். யாரோ சர்க்கரைப் பொங்கலைப் பாத்திரத்தோடு கொண்டுவந்திருந்தார்கள். பொருளாளருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. கூழ் விஷயத்தைக் கேட்டதும், "சார், இது பெரிய விதி மீறலாச்சே" என்று தலைவரைச் சீண்டினார். தலைவர் யோசித்துவிட்டு, "அவர் சங்கத்து உறுப்பினர் இல்லியே. விதி அவருக்குப் பொருந்தாது" என்றார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "வெயில்ல அலைஞ்சு வந்திருக்கோம். எங்களுக்கும் கொஞ்சம் கூழ் இருக்குமாம்மா?" என்று கேட்டார்.

அவள் உள்ளே போனாள். போகும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். எல்லாரும் குடித்தோம். எங்கள் பொங்கலை அவள் வாங்கிச் சாப்பிட்டாள். அந்த வருஷத்து நன்றிக் கூட்டம் அந்த வாசலில்தான் நடந்தது. யாரும் உரையாற்றவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றிம்மா என்றேன்.

கிளம்பும்போதுதான் சிக்கல். அவர் கல்லைவிட்டு எழ மாட்டேன் என்றார். தலைவர் கையைப் பிடித்து அழைத்தார். "எங்க வூட்டுக்காரம்மா வரட்டும் சார். அவங்களை விட்டுட்டு எப்படி வர்றது?" என்றார். நான்தாங்க, என்னைப் பாருங்க என்றேன். பார்த்தார், மரியாதையாகச் சிரித்தார், வீட்டு வாசலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

எனக்கு ஒன்று தோன்றியது. அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் என்னைக் கொல்லைப்புறமாக அழைத்துப் போய், அடுப்படி வழியாக உள்ளே விட்டாள். கலைந்த தலையைச் சரி செய்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பையைத் தோளில் மாட்டினேன். எப்போதும் விடைபெறும் குரலில், வாசலுக்குக் கேட்கும்படி, "சரிம்மா, தகவல் வந்தா போன் பண்ணுங்க. நான் வரேன்" என்று சொல்லிக்கொண்டே முன்வாசல் வழியாக வெளியே வந்தேன்.

அவர் சட்டென்று எழுந்துவிட்டார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க."

என் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். கொஞ்சம் தயங்கி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "இன்னைக்கு என்ன இவ்வளவு நேரம்? பயந்துட்டேன்" என்றார்.

"நானுந்தாங்க" என்றேன்.