இடது முட்டியில் சாக்பீஸ் வட்டம்

மூன்று வாரங்களுக்கு முன்னால் நேபாளத்திலிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. "சேட்டா, ஆம்பூர் ஃபைனல் வீடியோ உங்களிடம் இருக்கிறதா? நான் கோல் போட்டதை என் மகள் நம்ப மாட்டேன் என்கிறாள்."

அனுப்பியவர் ஒரு செனகல்காரர். பந்தாட்டம்தான் அவருக்குப் பிழைப்பு. டக்காரில் தொடங்கி, துனிசியாவில் இரண்டு வருடம் ஆடி, அங்கே இடது முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஓமானில் ஒரு வருடம் ஓட்டி, ஓர் ஏஜென்ட்டின் பேச்சை நம்பிக் கேரளாவுக்கு வந்தவர். அங்கே ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தயங்களில் கற்றுக்கொண்டதுதான் இந்த 'சேட்டா'. நான் தமிழன், இங்கே 'அண்ணா' என்பார்கள் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "சரி சேட்டா" என்றார்.

வீடியோ என்னிடம் இருக்கிறது. அதில் என் குரலும் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்தது அதனால்தான்.

நான் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கிறவன். ஜன்னல் வெளிச்சத்தில் மேசை மேல் தோலை விரித்து, உண்ணிக் கடி, கத்திக் கீறல், முள் கிழிசல் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, குறை தட்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவேன். அதை வைத்து ஒன்று முதல் ஆறு வரை தரம். அதற்கும் கீழே ரிஜெக்ட். இருபத்தெட்டு வருடமாக இதுதான் வேலை. மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுதுகிறேன். என்னை வெளியிட்ட பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றுபோனதற்கும் என் எழுத்துக்கும் தொடர்பில்லை என்றே இன்றுவரை நம்புகிறேன்.

ஐந்தாறு வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்ப் பந்தாட்டக் கமிட்டி அவரை ஒரு வாரத்துக்கு வெளியாளாக அழைத்து வந்தது. கமிட்டித் தலைவர் பச்சைத்தோல் வியாபாரி, என் பழைய தோஸ்த்.

"யோவ், பிரான்ஸ் பார்ட்டி வந்தா நீதானே இன்னாவோ பேசினு இருப்ப? இவரும் அதே பாஷைதான். உன் வீட்டு மாடி சும்மாதானே இருக்கு?"

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு இவ்வளவுதான்: தோலின் தடிமனும் குறைகளும், சரக்கு அனுப்பும் தேதி, 'நேர்ந்த தவறுக்கு வருந்துகிறோம்'. மூன்றாவது வாக்கியம் மட்டும் எனக்கு இலக்கணப் பிழையில்லாமல் வரும்.

அவர் வந்தார். தோல் வாடை அடிக்கும் எங்கள் ஊர்க் காற்றுக்கு முகம் சுளிக்காத முதல் விருந்தாளி அவர்தான். அவர் ஊரில் கடற்கரை முழுக்க மீன் காய வைப்பார்களாம், இது பரவாயில்லை என்றார். வெள்ளிக்கிழமை தொழுகையில் அவருக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். தெருவில் இளைஞர்கள் அவரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் நகர்ந்ததும் அவருடைய நிறத்தைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரித்தார்கள். சொன்னவர்களில் யாரும் பெரிய சிவப்பு இல்லை.

இரண்டாம் நாள் காலை மாடியிலிருந்து இறங்கி வந்து என் மனைவியிடம் ஐஸ் கேட்டார். பேன்ட்டை மடித்து இடது முட்டியைக் காட்டினார். நீளத் தையல் தழும்பு, சுற்றிலும் வீக்கம். பிறகு என் பக்கம் திரும்பி, பாதி பிரெஞ்சும் பாதி ஆங்கிலமுமாக ஒரு விஷயம் சொன்னார். ஃபைனல் பார்க்க மலப்புரத்திலிருந்து ஒரு செவன்ஸ் அணியின் மேனேஜர் வருகிறார். அவருக்குப் பிடித்துப்போனால் சீசன் முழுக்க ஆட்டம். இல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட். முப்பத்திரண்டு வயதில் ஊருக்குப் போனால் மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"முட்டி விஷயம் யாருக்கும் தெரிய வேண்டாம், சேட்டா."

நான் நெஞ்சில் கைவைத்து வாக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் ஃப்ரீசரில் இட்லி மாவு வெளியேறி இரண்டு ட்ரே ஐஸ் குடியேறியது. "என்னை சேச்சின்றாரு. எங்க அண்ணன்கூட என்னை இவ்ளோ மரியாதையா கூப்ட்டதில்ல" என்று மனைவி மாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

ஃபைனலுக்கு ஊரே வந்திருந்தது. பாதிப்பேர் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்த தொழிற்சாலை ஆட்கள். மைக் என் கையில். வருடாவருடம் வர்ணனை நான்தான். இதற்கு ஊதியம் கிடையாது, ஊரார் சிரிப்பது மட்டும்தான். இடைவேளைக்குச் சற்று முன் அவர் இரண்டு பேரைத் தாண்டி, இடது காலாலேயே அடித்தார். கோல். மைதானம் எழுந்து கத்தியது. அடித்த வேகத்தில் விழுந்தவர் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமானது. எழுந்தபோது கை முட்டியில் இருந்தது.

பக்கத்தில் இருந்த கமிட்டித் தலைவர் என் தோளைத் தட்டினார். "ஜனங்க சூடா இருக்காங்க. ஒன்னு வுடுய்யா!"

குறை கண்ணில் பட்டால் வட்டம் போடாமல் என் கை நிற்காது. அன்றைக்கு என் கையில் சாக்பீஸ் இல்லை, மைக் இருந்தது.

"இந்தத் தோலை வீட்லயே விரிச்சிப் பாத்தவன் நானு, சொல்றேன் கேளுங்க! முதுகு, ஃபர்ஸ்ட் செலக்‌ஷன். கழுத்துல ஒரு கீறல் இல்ல. எடது முட்டில மட்டும் ஒரு சாக்பீஸ் வட்டம். தெனம் ரெண்டு ட்ரே ஐஸ் வெச்சி அட்ஜஸ்ட் பண்றோம். அதை மட்டும் வெட்டி ஒதுக்கிட்டா மூணு ஜோடி ஷூ கியாரண்டி!"

அவ்வளவு பெரிய சிரிப்பை என் வாழ்நாளில் நான் வாங்கியதில்லை. கூட்டத்தில் பாதிப்பேர் என்னைப் போல் தோல் மேசைகளில் நின்றவர்கள். ஒரு சொல்கூட வீணாகவில்லை. மைதான நடுவிலிருந்து அவர் என் பக்கம் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அப்போதுதான் விருந்தினர் வரிசையைப் பார்த்தேன். மலப்புரத்துக்காரர் சிரிக்கவில்லை. முட்டி என்பது அவருக்கும் விளங்கும் சொல்தான். அவர் பார்வை அதற்குப் பிறகு பந்தின் மேல் இல்லை, அந்த முட்டியின் மேல் இருந்தது.

எங்கள் அணி ஜெயித்தது. மேனேஜர் அவரிடம் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ரயில்வே கேட்டில் நின்றபோது கேட்டார். "சேட்டா, கோலுக்கு அப்புறம் எல்லோரும் சிரித்தார்களே, என்ன சொன்னீர்கள்?"

"முதல் தரம் என்று சொன்னேன்."

ரயில் போய் முடிகிற வரை அவர் பேசவில்லை. பிறகு "மெர்சி, சேட்டா" என்றார். நானும் அதை நன்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் மனைவி அவருக்குச் சோறு போட்டாள். என்னைப் பார்க்கவில்லை. அவர் மாடிக்குப் போனதும் சொன்னாள். "மைக்கு வீடு வரைக்கும் கேட்டுச்சி. ஐஸ் வெச்சிக் குடுத்தவ நானு. ஊருக்கு சொன்னது நீங்க."

மலப்புரத்தார் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஊருக்குப் போனார். ஒன்றரை வருடம் கழித்து நேபாளத்தில் ஒரு சின்ன அணி கூப்பிட்டது. இப்போது அங்கே இளையவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் எனக்கு வாழ்த்து அனுப்புகிறார். ரம்ஜான் என் பண்டிகை இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

வீடியோ கேட்டதும் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். சத்தத்தை நீக்கிவிட்டு அனுப்பினேன். கோல் கூச்சலுக்கும் என் குரலுக்கும் நடுவில் மூச்சு விடுகிற இடைவெளிகூட இல்லை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் வெட்ட முடியவில்லை.

"சத்தம் வரவில்லையே சேட்டா?"

"போன் பழசு" என்று போட்டேன்.

"ஜனங்கள் கத்துவதை அவள் கேட்க வேண்டும்."

இரண்டு நாள் பதில் போடவில்லை. மனைவி போனை வாங்கிப் படித்தாள். "இன்னும் எத்தினி வருஷம் அட்ஜஸ்ட் பண்ணப் போறீங்க?" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அன்று உட்கார்ந்து பிரெஞ்சில் எழுதினேன். மைக்கில் சொன்னதை வரிக்கு வரி எழுதினேன். முதல் தரம், கீறல், வட்டம், வெட்டி ஒதுக்குதல். எல்லாச் சொல்லும் எனக்குத் தெரிந்த சொற்கள்தான், அகராதி தேவைப்படவில்லை. கடைசியில் 'நேர்ந்த தவறுக்கு வருந்துகிறோம்' என்று கை தானாகப் போட்டது. அழித்துவிட்டு 'நான்' என்று மாற்றி எழுதினேன்.

பதில் குரல் செய்தியாக வந்தது. "தெரியும் சேட்டா. அந்த மேனேஜர் அன்றைக்கே மைதானத்தில் சொல்லிவிட்டார். நீங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்காரரே முட்டி போச்சு என்கிறார் என்று. அதனால்தான் ஸ்கூட்டரில் கேட்டேன். சரி, சத்தத்தோடு அனுப்புங்கள்."

ரயில்வே கேட்டில் அவர் கொடுத்த அவகாசம் ஒரு முழு ரயிலின் நீளம். நான் அதைச் சரக்கு வண்டி என்று பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன்.

அனுப்பினேன். மறுநாள் மத்தியானம், வேலை நடுவில், ஒரு செய்தி வந்தது.

"மகளுக்குக் காட்டினேன். கோலுக்கு அப்புறம் எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டாள். அந்த அங்கிள் அப்பாவை முதல் தரம் என்று சொன்னார், அதனால் சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்."

மேசை மேல் பாதி பார்த்த தோல் ஒன்று விரிந்து கிடந்தது. அன்று மாலை வரை எதிலும் வட்டம் போடவில்லை. சூப்பர்வைசர் வந்து, "இன்னா சார், இன்னிக்கு எல்லாமே ஃபர்ஸ்ட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.